கார் லிஃப்டில் சொன்ன தீர்ப்பு

ஜூரி முறை நம் நாட்டில் என்றோ ஒழிந்துவிட்டது என்பார்கள். ஷார்ஜா ரோலாவிலிருந்து துபாய்க்குப் போகும் எங்கள் காரில் அது நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. தினமும் காலை ஆறேகாலுக்குக் கூடும். அதில் அதிகம் கத்துகிறவள் நான்தான்.

கார் லிஃப்ட் எங்களைப் போன்றவர்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. முன்பின் தெரியாதவர்கள் ஒரே காரில் வருடக்கணக்காக வேலைக்குப் போய்வருவோம். எங்கள் காரை ஓட்டும் அண்ணன் அறந்தாங்கிக்காரர். முன்சீட்டில் சென்னை சார், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் நான், மறு ஜன்னலோரம் நர்ஸ் அக்கா. நடுவில் எங்கள் இருவருடைய சாப்பாட்டுப் பைகள்.

ஏழு வருடம் அப்படித்தான் போனோம். அக்கா எந்தப் பாலம் வந்தால் கண் அயர்வார், என்றைக்கு அவருக்கு ஆஃப், புளிசாதத்துக்கு என்ன தொட்டுக்கொள்வார், எல்லாம் எனக்குத் தெரியும். ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேட்டதே இல்லை. லிஃப்டில் அப்படிக் கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை. பேச்சை வைத்துத் திருநெல்வேலிப் பக்கமாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். முடிவுகட்டுவதில் நான் கெட்டிக்காரி.

போன வருடம் முழுக்க எங்கள் காரில் ஒரே வழக்குதான். தென்மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கொலையானார். ஊரே கொண்டாடிய மனிதர். பக்கத்துத் தோட்டத்து இளைஞனைப் பிடித்தார்கள். வரப்புத் தகராறு என்றார்கள். சாட்சி சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். அதையெல்லாம் நான் போனில் பார்த்துவிட்டு வந்து காரில் கொதிப்பேன்.

"டெக்னிக்கலா பாத்தா ப்ரூஃப் இல்லைம்மா" என்பார் சார்.

"ப்ரூஃப் எதுக்கு சார்? அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?" என்பேன் நான்.

நான் இப்படி ஆரம்பித்ததும் அண்ணன் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். டூட்டி அலுப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விடுதலை செய்துவிட்டார்கள். கோர்ட் வாசலில் யாரோ அவனுக்கு மாலை போடுகிற வீடியோ அன்று மத்தியானத்துக்குள் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. ஆபீஸ் பேன்ட்ரியில் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. எங்கள் லிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டேன். அந்த குரூப்பில் அண்ணன் தினமும் ஒவ்வொருவர் பில்டிங் வாசலிலிருந்தும் அனுப்பும் "கீழ நிக்கிறேன்" தவிர வேறு எதுவும் வராது. வீடியோவோடு நான் விட்டிருக்கலாம். குரலையும் பதிந்து அனுப்பினேன். "இவனுக்கு மாலை போடுற குடும்பமும் ஒரு குடும்பமா? கூடப் பொறந்தவங்க எப்படித்தான் சோறு திங்கிறாங்களோ!"

மறுநாள் அக்கா வரவில்லை. ஆபீஸ் பையைத் தூக்கி அவர் இடத்தில் வைக்கப் போனேன். அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"தங்கச்சி, அதுல வக்காதீங்க. அந்தப் பய அவுங்க தம்பி."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவ கேசு விஷயமா ஊருக்குப் போனாங்க. நாந்தான் ஏர்போர்ட்ல விட்டேன். ஆருகிட்டயும் சொல்லாதீங்கண்ணேன்னு கேட்டுக்கிட்டாங்க. நானும் ரேடியோவக் கூட்டிக் கூட்டிப் பாத்தேன், நீங்க அதுக்கு மேல கத்துனீங்க."

அவமானம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மன்னிப்பு என்று போனில் அடித்து அடித்து அழித்தேன். நேரில் போகலாம் என்றால், ஏழு வருடமாக வாசலில் நின்று ஏற்றிக்கொண்ட பில்டிங்கில் அவர் எந்த மாடி என்றுகூட எனக்குத் தெரியாது. அக்கா வேறு கார் லிஃப்ட் பார்த்துக்கொண்டாராம். நடுவில் என் சாப்பாட்டுப் பை மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்ந்து விழுந்தது.

நாலாம் நாள் அண்ணனிடம் அக்கா பில்டிங் வாசலில் நிறுத்தச் சொன்னேன். குரூப்பில் நானே அடித்தேன். "கீழ நிக்கிறோம் அக்கா." பத்து நிமிடம் ஆயிற்று. சார் ஒரு நிமிடம் தாமதித்தாலும் துடிக்கிறவர். "லேட்டானா ஆகட்டும், நில்லுப்பா" என்றார். அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் அதுவரை வந்ததில்லை.

இருபதாவது நிமிடம் அக்கா யூனிபார்மில் இறங்கி வந்தார். ஏறினார். பையை நடுவில் வைத்தார். நான் மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் கையமர்த்தினார்.

"அந்த சார்வாள்கிட்டதான் நானும் எட்டாப்பு வரைக்கும் படிச்சேன்" என்றார். "அவுக செத்ததுக்கு நானும்தான் அழுதேன். அத யாருகிட்ட சொல்ல?"

வாத்தியாரைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது. அக்கா போனை எடுத்து நான் அனுப்பிய அதே வீடியோவை ஓட்டி, தம்பியின் முகத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியும்னு சொல்லுவீங்கள்லா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அடுத்த மாசம் லீவுல போறேன். ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட அவந்தான் வருவான். அவன எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியணும்."

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அந்த முகத்தை எத்தனையோ தடவை பார்த்துத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கவனித்தேன். மாலைக்கு மேலே தெரிந்தது அக்காவின் மூக்கு. ஏழு வருடமாக என் பக்கத்தில் தூங்கி விழுந்த அதே மூக்கு.

"தெரியலக்கா" என்றேன்.

அண்ணன் ரேடியோவைத் தொடவில்லை. அக்கா போனை வாங்கிப் பைக்குள் போட்டார்.

"எனக்கும் தெரியல" என்றார்.