கரண்ட் பில் இல்லாத குற்றம்

ஸ்டோர்ஸ் வேலை என்பது, சரக்கு இருந்தால் ஏன் இருக்கிறது என்றும் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்றும் ஒரே ஆளிடம் திட்டு வாங்குகிற வேலை. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில், பித்தளை வால்வு செய்து கப்பலேற்றும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். நீங்களும் எங்காவது குடோன் சாவியோடு திரிகிறவர் என்றால், சேர்ந்து வயிறெரியலாம், வாருங்கள்.

குடோனுக்கு வந்த விமோசனம்

எங்கள் சப்ளை செயினைச் சீர்திருத்த சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். குடோனைப் பார்த்த மாத்திரத்தில் முகம் சுளித்தார். சரக்கைச் சேர்த்து வைப்பது வீண், தேவைப்படுகிற நேரத்தில் தேவைப்படுகிற அளவு மட்டும் வாசலில் வந்து இறங்க வேண்டும் என்றார். சரக்கு தருகிறவர்கள் என்ன இளிச்சவாயர்களா? கூப்பிட்ட நேரத்துக்கு ஓடிவர முடியாது என்று லாரிகளை முன்கூட்டியே அனுப்பி எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே குடோன் காலி. வெளியே துறைமுகச் சாலையில் ஆறு லாரி. மேனேஜர் உள்ளே மட்டும் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கினார். மூன்று நாளாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஓட்டப்பிடாரத்து டிரைவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்: "ஏன் அண்ணாச்சி, குடோனுக்குச் சக்கரம் மாட்டி ரோட்டுல விட்டுட்டியளோ?"

பூஜ்யம்

அடுத்து மேனேஜருக்குச் சுற்றுச்சூழல் பிடித்துக்கொண்டது. எங்களுக்குச் சரக்கு தருகிற எல்லாருக்கும் பதினொரு பக்கப் படிவம் போனது. இங்கே செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்வுகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுவில் வைக்கிற தேங்காய் நார் விரிப்பை ஏரலிலிருந்து அவர்தான் அனுப்புகிறார். ஒரு தகரக் கொட்டகை, எட்டுப் பெண்கள். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறப்போட்டு அடிப்பதும் திரிப்பதும் பின்னுவதும் எல்லாமே கையால்தான். கரண்ட் இணைப்பே கிடையாது. எங்கள் ஆர்டர் போனால் எட்டு வீட்டுக்கும் வேறு வருமானமில்லை.

படிவத்தில் பாதிக்கு மேல் மதிப்பெண் ஒரே கேள்விக்கு: போன காலாண்டைவிட மின்சாரத்தையும் டீசலையும் எவ்வளவு குறைத்தீர்கள்? செல்வி நேர்மையாக 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். பூஜ்யம் போட்டார்கள். பிளாஸ்டிக் பபுள் ஷீட் விற்கிற வடநாட்டுக் கம்பெனி பெரிய பாய்லரிலிருந்து சின்ன பாய்லருக்கு மாறியிருந்ததாம். அதற்கு முழு மதிப்பெண். உபயோகிக்கவே செய்யாதவர் எதை சார் குறைப்பார் என்று மேனேஜரிடம் கேட்டேன். "அவங்ககிட்ட இம்ப்ரூவ்மென்ட்டே இல்லையே" என்றார்.

ஆர்டர் நின்றுபோன செய்தியை ஏரலுக்குப் போய் நான்தான் சொன்னேன். பெண்கள் எட்டுப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. செல்வி மட்டும் கேட்டார்: "கரண்ட் பில்லு இல்லாதது ஒரு குத்தமா அண்ணாச்சி?"

இலை ஸ்டிக்கர்

நார் விரிப்புக்குப் பதிலாக, நாலு மாநிலம் தாண்டி பபுள் ஷீட் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு சுருளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைமேல் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வால்வின் கனத்தில் குமிழிகள் வழியிலேயே வெடித்துத் தொலைந்தன. கீறல் விழுந்த வால்வுகளைப் படமெடுத்து வெளிநாட்டு வாடிக்கையாளர் கடிதம் போட்டார். அதன் கடைசி வரி: "முன்பு வந்த நார் விரிப்பை எங்கள் தோட்டத்துக்கே உரமாகப் போட்டோம், அதை ஏன் நிறுத்தினீர்கள்?"

டீசல் எஞ்சின்

மேனேஜருக்கு இப்போது செல்வி வேண்டும். ஆனால் பூஜ்யம் வாங்கியவரைக் கம்ப்யூட்டர் ஏற்காது. எதையாவது குறைத்துக் காட்டினால்தான் ஆயிற்று. இதையும் ஏரலுக்குப் போய் நான்தான் செல்வியிடம் சொன்னேன். "கொறைக்கணும்னா மொதல்ல இருக்கணும், அப்படித்தான?" என்றார்.

மறுவாரம் போனால் கொட்டகைக்குள் டீசல் எஞ்சின் ஒன்று காது கிழிய அலறுகிறது. கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு எஞ்சின் வாடகைக்கு விடுகிற சாத்தான்குளத்துக்காரர் ஒருவரிடம் கடன் சொல்லி வாங்கிவந்திருக்கிறார். பட்டப்பகலில் ஒரே ஒரு பல்பு எரிகிறது. எஞ்சினுக்கு வேறு வேலையில்லை. எட்டுப் பெண்களும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வரப்போகிற ஆர்டரை நம்பி, எப்போதும்போல் கையால் நார் அடிக்கிறார்கள். மூன்று மாதம் டீசல் ரசீதுகளைச் சேர்த்துவிட்டு எஞ்சினைத் திருப்பி அனுப்பினார். அடுத்த மூன்று மாதம் கழித்துப் படிவம் நிரப்பினார்: குறைத்தது, நூற்றுக்கு நூறு.

முழு மதிப்பெண். ஆர்டர் திரும்பி வந்தது. விருது விழா நடத்தி, மாவட்டத்திலேயே பசுமையான சப்ளையர் என்று செல்விக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்தை எப்படிச் சாதித்தீர்கள் என்று மேனேஜர் மைக்கை நீட்டினார். செல்வி ஒளிக்காமல் சொன்னார்: "ஓடிக்கிட்டு கெடந்த எஞ்சின அமத்திட்டேன் சார், அம்புட்டுதான்."

ஆக, எதையும் கெடுக்காதவருக்குப் பூஜ்யம், கெடுத்துவிட்டு நிறுத்தியவருக்குக் கேடயம் என்பதுதான் எங்கள் தொழிற்சாலையில் நான் படித்த சுற்றுச்சூழல் பாடம்.