ஒச்சப்பன் இஞ்சினும் ஓர் ஆசீர்ப் பாட்டும்

ஹட் பே தீவுத் துறையில் பீட்டரிடம் வந்து படுக்காத படகு இஞ்சின் குறைவு. கரையில் எந்த டீசல் இஞ்சின் இருமினாலும் அடுத்த நாள் அது அவருடைய தகரக் கொட்டகையில் கிடக்கும். வாரத்தில் ஆறு நாள் கை முழுக்கக் கிரீஸ். ஏழாம் நாள் அந்தக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுக் கோயிலில் கீபோர்டு வாசிப்பார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும். கீபோர்டில் வெள்ளைக் கட்டை எது, கறுப்புக் கட்டை எது என்றே தெரியவில்லை என்று பாடகர் குழுவை நடத்தும் ஜோஸ்லின் மூன்று வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

பீட்டருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஞாயிறுதோறும் அச்சடித்துத் தரும் பாட்டுத் தாளில் பாடலை எழுதியவர் பெயர் இருக்கும். மெட்டுப் போட்டவர் பெயர் இருக்காது. நற்கருணை ஆசீர் நேரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடும் அந்தப் பழைய பாட்டுக்கு மெட்டுப் போட்டது யார் என்று பங்குச் சாமியாரிடமே ஒருமுறை கேட்டார்.

"பரிசுத்த ஆவியானவர்தான், பீட்டர்."

"அப்ப வரிய மட்டும் மனுசன் எழுதுனானா ஃபாதர்?"

சாமியாருக்கு அது உறைக்கவில்லை. உறைக்க வேண்டியவர் அவர்தான். வாராவாரம் தாளில் வருவது அவர் பெயர்.

இந்த வருடத் திருவிழாவுக்கும் சாமியார் ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தார், ஆசீருக்கென்றே. ஆசீர் என்றால் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணையை வைத்துச் சாமியார் உயர்த்திக் காட்டுவார், சாம்பிராணி புகையும், மணி அடிக்கும், சனம் முழங்காலில் நிற்கும். பின்வரிசை ஆண்கள் மட்டும் பாட்டு பாதியிலேயே எழுந்து செருப்புத் தேடப் போய்விடுவார்கள். ஆண்டவருடைய ஆசீர் அடுத்த வாரமும் கிடைக்கும், போன செருப்பு கிடைக்குமா?

"ஒருத்தரும் செருப்பத் தேடிப் போகாம கடைசி வரி வரைக்கும் பாட வைங்க பீட்டர். அடுத்த தாள்ல உங்க பேரப் போடுறேன்" என்றார் சாமியார்.

அன்றிலிருந்து பீட்டருக்குத் தூக்கமில்லை. போட்ட மெட்டெல்லாம் எங்கேயோ கேட்டது போலவே வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒச்சப்பனின் இஞ்சின் கொட்டகைக்கு வந்தது. ஓடவிட்டுப் பார்த்தார். டப், டப், டப். பிறகு எதையோ விழுங்கியது போல ஒரு இடைவெளி. அப்புறம் அவசரமாக இரண்டு டப். டீசல் பீய்ச்சும் நாசில் போய்விட்டது என்று அவருக்கு உடனே தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. 'எங்கள் கரைக்கு இறங்கி வா' என்ற சாமியாரின் வரி அந்த விழுங்கலில் போய் உட்கார்ந்தது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

புது நாசில் அலமாரியில் இருந்தது. அரை மணி நேர வேலை.

"அரே பீட்டரு, சாமான் ஆயா? வந்திருச்சா?" என்று ஒச்சப்பன் மறுநாள் வந்து நின்றார். உசிலம்பட்டிப் பக்கத்து மனிதர். இந்தி பேசினாலும் அந்த ஊர் வாடைதான் அடிக்கும்.

"மெயின்லேண்டுலேர்ந்து வரணும்ணே. ஷிப் லேட்டு."

தீவில் எந்தப் பொய்யையும் கப்பலில் ஏற்றிவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒச்சப்பன் கப்பலைத் திட்டிவிட்டுப் போனார். தினமும் வந்து திட்டினார்.

"நாசிலுதான் அலமாரில கெடக்குல்லா, மாட்டிக் குடுக்க வேண்டியதுதான?" என்றாள் மனைவி ரீத்தா.

"மாட்டுனா நின்னுரும்."

"என்னது, இஞ்சினா?"

"மெட்டு."

ரீத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆண்டவருக்குப் பாட்டுப் போடுறதுக்கு அடுத்தவன் பொழப்புல கை வைக்கியளே" என்றாள். பீட்டருக்கும் அது குத்தியது. ஆனால் நான்கே வரிகள்தான் பாக்கி. நாளைக்கு மாட்டிவிடலாம் என்று நினைத்தார். தினமும் இஞ்சினை ஓடவிட்டுக் கேட்டபடி, பதினெட்டு நாள் நாளைக்கு என்றே நினைத்தார்.

திருவிழா மாலை வந்தது. ஒச்சப்பன் அசனத்துக்கு வந்திருந்தார். சாப்பாடு ஆசீருக்குப் பிறகுதான் என்றதால் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பிராணி புகைந்தது. பீட்டர் கட்டையில் கை வைத்தார்.

முதல் வரியிலேயே ஜோஸ்லினின் குழு அந்த விழுங்கலில் தடுக்கி விழுந்தது. பின்வரிசை ஆண்கள் விழவில்லை. பதினெட்டு நாளாகக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டே கேட்ட சத்தம். சரியான இடத்தில் விழுங்கி, சரியான இடத்தில் பிடித்தார்கள். இரண்டாம் வரியில் ஒரு குரல் மெதுவாகச் சொன்னது:

"ஏலே, இது ஒச்சப்பன் அண்ணாச்சி இஞ்சின்லா!"

வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கின. ஒச்சப்பனின் கட்டிய கை மெல்ல அவிழ்ந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பெற்ற பிள்ளை இருமினால் தெரியாதா? கீபோர்டுக்கு நேராகப் பார்த்த பார்வை பீட்டரின் பிடரியில் வந்து சுட்டது.

ஒருவரும் செருப்புத் தேடிப் போகவில்லை. ஒச்சப்பன் கிளம்பும்போது கூடவே போனால்தானே வெளியே நடக்கப்போகும் சண்டையில் முன்னிடம் கிடைக்கும். கடைசி வரி வரைக்கும் தொண்டை கிழியப் பாடினார்கள். கதிர்ப்பாத்திரத்தை உயர்த்திய சாமியாரின் கண் கலங்கியிருந்தது.

வாசலில் ஒச்சப்பன் வழிமறித்தார்.

"நாசிலு வந்திருச்சா?"

"வந்துட்டுண்ணே."

"எந்தக் கப்பல்ல?"

பீட்டர் உள்ளே எரிந்த மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். பொய் வரவில்லை. "அலமாரிலதான் இருந்துச்சு. மொதல்லேர்ந்தே."

"அடப்பாவி! பதினெட்டு நாளு நா கரையில குந்திக்கிட்டு ஈ ஓட்டுனேன்டா!"

விஷயம் தெரியாத சாமியார் அதற்குள் ஓடிவந்தார். "பீட்டர், ஒருத்தர்கூடப் போகல! சொன்ன மாதிரி பேரப் போட்டுரலாம்!"

"என் பேரப் போடுங்க சாமி" என்றார் ஒச்சப்பன். "பட்டினி கெடந்து போட்ட மெட்டு. இவன் சும்மா கேட்டு எழுதுனான்."

கூட்டம் சிரித்தது. பீட்டர் சிரிக்கவில்லை. வாழ்நாளில் ஒருமுறை வந்த வாய்ப்பு. வாயைத் திறந்தார். ரீத்தா அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"வெவரங் கெட்ட மனுசா, அந்த மெட்டுக்குக் கீழ உங்க பேரு வந்தா இனி எவன் இஞ்சின் தருவான்?"

அதுவும் சரிதான். அதைவிட, ஒச்சப்பன் சொன்னதிலும் தப்பில்லை. "அவரு பேரையே போடுங்க ஃபாதர்" என்றார் பீட்டர். சொல்லிவிட்டு, அசனத்துக்குக்கூட உட்காராமல், வெள்ளைச் சட்டையோடு கொட்டகைக்குப் போய் நாசிலை மாட்டினார். இஞ்சின் ஒரு விழுங்கல்கூட இல்லாமல் ஓடியது. கேட்கச் சகிக்கவில்லை.

அடுத்த வார ஆசீருக்குத் தாள் வந்தது. 'மெட்டு: திரு. ஒச்சப்பன்.' குளித்து, திருநீறு பூசி, ஒச்சப்பன் முன்வரிசைக்கே வந்துவிட்டார். பாடாதவர்களைத் திரும்பித் திரும்பி முறைத்தார். பீட்டர் தாளைக் கீபோர்டின் மேல் வைத்து, அந்தப் பெயரின் மேல் கட்டைவிரலை ஒரு நிமிடம் வைத்திருந்தார். எடுத்தபோது பெயர் கிரீஸில் பாதி மறைந்திருந்தது.