நீர்மாலைக் குழாய்

தாராவியில் எங்கள் சந்துக்குக் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், எட்டு மணிக்கு நின்றுவிடும். பதினோரு வீட்டுக்கும் ஒரே குழாய். தண்ணீர் பிடிப்பது முப்பது வருடமாக அப்பாவின் இலாகா. நான் செம்பூருக்கு ஆபீஸ் போய்வருகிற துரை. ஒரு நாள்கூடக் குடம் தூக்கியதில்லை.

அன்றைக்கும் அவர்தான் வரிசையில் நின்று நீல டிரம்மை விளிம்புவரை நிரப்பி மூடினார். நெஞ்சு என்னவோ செய்கிறது என்று சுவரில் சாய்ந்தார். ஆட்டோ சந்து முனைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாஹிமிலிருந்து அத்தை ஓடி வந்தாள், அப்பாவின் அக்கா. தம்பியைக் கட்டிக்கொண்டு கதறியவள், கண்ணைத் துடைத்ததும் டிரம்மைப் பார்த்துவிட்டாள்.

"ஏல, சாவு விழுந்த வீட்டுல தண்ணிய மூடி வெச்சிருக்க? தீட்டுல்லா. கொட்டுல!"

கைக்கு ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. டிரம்மைச் சாய்த்தேன். அத்தனையும் சந்தில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முலுண்டிலிருந்து என் தம்பி வந்து சேரும்போது மணி பதினொன்று. இறந்தவரைக் குளிப்பாட்ட மகன்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதை எங்கள் பக்கத்தில் நீர்மாலை என்பார்கள். தலைக்கு மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, சங்கு முன்னால் போக, குழாயடிக்குப் போனோம். திருகினேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"எட்டு மணிக்கே நின்னு போச்சுல்லா," என்றார் கூட்டத்தில் ஒருவர். சங்கு பாதியில் நின்றது.

எதிர்வீட்டு மராத்தி அம்மாள் தன் டிரம்மைத் திறந்துவிட்டாள். சித்தப்பா ஒப்பவில்லை. "வீட்டுக்குள்ள இருக்க தண்ணி ஆகாதுல. ஓடுற தண்ணிதான் எடுக்கணும்." ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவேன்? இங்கே ஓடுவது சாக்கடையாகிப்போன மித்தி ஆறு ஒன்றுதான். அதில் கால் நனைக்கவே ஆள் கிடையாது.

டேங்கர்காரன் போனை எடுக்கவேயில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் சித்தப்பாவே கடைக்கு ஆள் அனுப்பி நான்கு கேன் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். அவற்றைக் குழாயடியில் வைத்துக் குடங்களில் ஊற்றி, குழாயில் பிடித்ததுபோலச் சங்கு ஊதி எடுத்து வந்தோம். கூலிங் கேன்களாம், அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. வெந்நீர் இல்லாமல் ஒரு நாளும் குளிக்காத மனுஷன். முதல் செம்பைச் சில்லென்று அவர் தலையில் ஊற்றினேன்.

காலையிலிருந்து அப்பாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் பேசினாள்.

"ஏய்யா, அவரு புடிச்சு வெச்ச தண்ணியவே அவருக்கு ஊத்தியிருக்கலாம்லா?"

அத்தை தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் வாசலைப் பார்த்தேன். டிரம்மைக் கொட்டிய இடத்தில் ஈரம்கூட இல்லை.