மாமியார் மூக்கு

எங்கள் அண்ணிக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று இன்னொரு முறை யாராவது என்னிடம் சொல்லட்டும், கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். நான் தையல்காரி. கத்தரிக்கோல் எப்போதும் என் கையில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். நாக்குதான் அதைவிடக் கூர்மை என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஜன்னல் இல்லாத அறை. ஈயம் வைத்த கனமான மேலங்கி. வருகிறவர்களிடமெல்லாம் "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அண்ணன் விரலில் முள் குத்தி அதை எடுக்கும்போதுகூட "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாள். அவனும் சமர்த்தாகப் பிடித்துக்கொள்வான்.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள், மணிக்கட்டு உடைந்து ஒருவர் அவளிடம் வந்தார். கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவர். வலியில் முகமெல்லாம் வேர்த்திருக்கிறது, ஆனால் வாயெல்லாம் பல்.

"எங்க விழுந்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"மலையில, சைக்கிள்ல."

"அதுக்கா சிரிக்கிறீங்க?"

"விழறதுக்கு முன்னாடி என்னா இறக்கம் தெரியுமா மேடம்! கை கூடினதும் மறுபடி போகணும்."

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணிக்கு வேறு பேச்சே இல்லை. "எத்தனையோ எலும்பு பார்த்திருக்கேன். ஒடஞ்ச கையோட இவ்வளவு சந்தோஷமா ஒரு ஆள நான் பார்த்ததே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுத்த விடுமுறையில், அந்த ஆள் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பார்த்துவிட்டு வந்தவள் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னாள்.

ஊருக்கு வெளியே, கல் உடைப்பதை நிறுத்திவிட்ட ஒரு குன்று இருக்கிறது. அதில் சைக்கிள்காரர்கள் தங்கள் கையாலேயே மண்வெட்டி போட்டுத் தடங்கள் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டியவர்தான் பெயர் வைப்பார், அது அவர்கள் வழக்கம். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற சாதுவான தடத்துக்குச் 'சோம்பேறி' என்று பெயர். அதில் ஊர்க்கதை பேசிக்கொண்டே இறங்கலாம். மண்ணே இல்லாமல் வெறும் பாறையாகச் சரிகிற தடம் 'வழுக்கை'. டயரை நம்புகிறவர்களுக்குத்தான் அது. ஆனால் எல்லாரும் உயிரை விடுவது மூன்றாவது தடத்துக்கு. வேரும் கல்லும் திடீர் வளைவுமாக இறங்கும். வலப்பக்கம் போனால் ஏன் இடப்பக்கம் வரவில்லை என்று கேட்கும், இடப்பக்கம் வந்தால் யார் வரச் சொன்னது என்று கேட்கும். பேக்கரிக்காரர் வெட்டிய தடம். 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறார். அவருடைய மாமியார் அவரோடுதான் இருக்கிறார்.

மாமியாரின் கடைசியில் தடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் மூக்கு. ஒரு பக்கம் மரம், இன்னொரு பக்கம் முட்புதர், அதனால் அதன் மேலே ஏறித்தான் குதிக்க வேண்டும். உடம்பைப் பின்னால் தள்ளி, பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். பயந்துபோய்ப் பிரேக்கைப் பிடித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். முடியாதவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் தனக்கு முடியவில்லை என்பதற்காகக் கல்லை நகர்த்தினால் மட்டும் அவர்களுக்குப் பொறுக்காது. கல் இருக்கிற இடத்தில் இருக்கும், நாம்தான் அதற்குத் தகுந்த மாதிரி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

இதையெல்லாம் கேட்ட என் அம்மா, "ஏம்மா, மூக்குன்னா என் மூக்கா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"ஐயோ அத்தை, உங்களுது எவ்வளவு எடுப்பான மூக்கு! அது சப்பை" என்றாள் அண்ணி. அம்மாவுக்குப் பாதி திருப்தி.

நான் அந்தக் குன்றில் சைக்கிள் ஓட்டியதில்லை. ஆனால் தடங்களை எனக்குத் துணியை வைத்தே தெரியும். சோம்பேறியில் போய்விட்டு வந்தால் ஒன்றும் கிழிந்திருக்காது. வழுக்கை என்றால் பின்பக்கம் தேய்ந்திருக்கும். மாமியார் என்றால் முழங்கை. எத்தனை ஒட்டுப் போட்டிருப்பேன்! ஒட்டுப் போட்டுக்கொண்டே திட்டுவேன். "கிழிச்சது போதும், துணி நெய்யறவங்க பாவம்" என்பேன். திட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது, தைக்கிறவள் நான். தைக்காதவர்கள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

ஆனால் திறந்தார்கள். இந்த வயதில் இது தேவையா என்றார்கள். பொம்பளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருவது பார்க்க நன்றாகவா இருக்கிறது என்றார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, "இந்த வயசுல எலும்பு ஒடஞ்சா ஒட்டாதும்மா" என்றாள்.

"எலும்பப் பத்தி எனக்கே பாடமா அத்தை?" என்று சிரித்துவிட்டு அண்ணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

வெகுநாள் வரை அவள் மூக்குக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனாள். பிறகு ஒரு நாள் தள்ளவில்லை. கல்லின் மேல் முன்சக்கரம் ஏறிவிட்டது. அந்தக் கடைசி நொடியில் விரல் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. பேக்கரிக்காரர்தான் கைத்தாங்கலாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுடைய மிஷின் முன்னால் அவளே நின்று, தோளை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று கூட வேலை பார்ப்பவளுக்கு அவளே சொல்லி, படம் வந்ததும் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவளே பார்த்திருக்கிறாள். "காறை எலும்பு. சுத்தமா ரெண்டு துண்டு. நான் பிரேக் பிடிச்சிருக்கக் கூடாது" என்றாளாம்.

அப்புறம் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. சொந்தக்காரர்கள் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சீங்களே, அதுக்கப்புறம் குளிக்கறத விட்டுட்டீங்களா?" என்று பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். பெரியம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவள்தான், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நஷ்டம் ஒன்றும் இல்லை.

அன்று எல்லாரும் போன பிறகு அண்ணி நிதானமாகச் சொன்னாள்: "நான் மறுபடி போவேன். அந்த மூக்கைத் தாண்டாம விடமாட்டேன். தாண்டினப்புறம் போதும்னு தோணினா நானே விட்டுடறேன். ஆனா பயந்துபோய் விடமாட்டேன்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். குடிநீர்க் குழாய் பதிக்கிற வேலையில் மேஸ்திரி. பள்ளம் தோண்டுவது, குழாயை இறக்குவது, வழியில் கல் வந்தால் கடப்பாரையால் நெம்பி எடுத்துப் போடுவது, பிறகு மூடுவது. பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. அண்ணிக்குக் கை தூக்க முடியாமல் இருந்த நாட்களில் அவன்தான் தலை வாரிவிட்டான். பின்னலைக் குழாய் மாதிரி விறைப்பாகப் பின்னி நிறுத்துவான். அவளும் அதோடு வேலைக்குப் போய்விட்டு வருவாள்.

தோள் தேறத் தேற, வீட்டு நடையில் சுவரோரம் நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி பிரேக்கிலிருந்து விரலை எடுத்து எடுத்துப் பழகினாள். சுவரை முறைத்துப் பார்த்துக்கொண்டே. அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெடலில் இடித்துக்கொண்டு கரித்துக் கொட்டுவாள். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒருவழியாக டாக்டர் சரி என்றார். அந்த விடுமுறை நாளில் நானும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே மூச்சு வாங்க ஏறினேன். அவள் தாண்டுவதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து ஊரெல்லாம் சொல்ல வேண்டும், அதுதான் என் ஆசை.

மூக்கு இருந்த இடத்தில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் முகம் அடுப்பு மாதிரி சிவந்திருந்தது.

"பாருங்க மேடம்! எந்தப் படுபாவியோ கல்லைப் பேத்து எடுத்துட்டான்!"

கல் இல்லை. தடம் வழவழவென்று இறங்கிக்கொண்டிருந்தது, குழந்தைகூட ஓட்டலாம்.

அண்ணி சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த மண்ணைத் தடவிப் பார்த்தாள். நானும் குனிந்தேன். அடுக்கு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய மண். நாளாக ஆக அமுங்கும் என்று நடுவில் கொஞ்சம் மேடாக விட்டிருந்தது. போன வருஷம் எங்கள் தெருவில் குழாய் பதித்து மூடிய பள்ளம் அச்சாக இப்படித்தான் இருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அடிபட்ட அன்றுகூட அழாதவள். கூட்டத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் அண்ணன் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் போன வேகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"கல்லு எங்கங்க?"

அவன் நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கினான். பிறகு, "கீழ, புதருக்குப் பின்னால உருட்டி விட்டிருக்கேன்" என்றான்.

"ஏங்க?"

"நீ போவேன்னு சொல்லிட்ட. போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வழியில கல் இருந்தா எடுக்கறதுதானே என் வேலை? பசங்க ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போய் எடுத்தேன். நீ நல்லபடியா போய்ட்டு வரணும்னுதான்."

"நான் விழுந்த கல்ல நீங்க எடுத்துட்டா, நான் விழுந்ததுதான் மிச்சம்" என்றாள் அண்ணி. ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. "மத்தவங்க என்னைப் போகாதேன்னு சொன்னாங்க. அதைத் தாங்கிக்கிட்டேன். நீங்க மட்டுந்தான் என்னால முடியாதுன்னே முடிவு பண்ணிட்டீங்க. திரும்ப வைங்க."

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எக்ஸ்ரே எடுக்க எனக்குத் தெரியும். திரும்ப வைங்க."

அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று எனக்குத் தெரியும், அதனால் பாய்ந்து பதில் சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ மகனைப் பார்த்து, "டேய், யார் பொருளையோ கேக்காம எடுத்துட்டு வந்துட்டு நிக்கறியே, போய் வச்சுட்டு வா" என்றாள். என் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அடுத்த விடுமுறையில் அண்ணன் அதே ஆட்களோடு, சங்கிலியும் கடப்பாரையுமாக வந்தான். பேக்கரிக்காரர் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தார். நான் அவரைத் திருப்பி அதைவிட மோசமாகப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஆளை நாங்கள்தான் திட்டுவோம். மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டி, கல்லை உருட்டி மேலே கொண்டுவந்து அதில் இறக்கினார்கள். அதன் முதுகில் அண்ணியின் பெடல் கீறிய வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது. அந்தக் கோட்டை வைத்து அண்ணி சொன்னாள்: "கொஞ்சம் இடப்பக்கம். மூக்கு நுனி மேல பார்க்கட்டும். இன்னும். இன்னும். ம், அசையாதீங்க!"

கல், கடப்பாரை, மூன்று ஆண்பிள்ளைகள், எல்லாம் அப்படியே நின்றன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அண்ணன் கல்லுக்கு அடியில் கல் சில்லுகளைச் செருகி, மண் போட்டு, சுற்றிலும் இடித்து இறுக்கினான். கடைசியில் அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தான். முன்பு அது லேசாக ஆடுமாம், பேக்கரிக்காரர் சொன்னார். இப்போது ஆடவில்லை.

"இனி இது நகராது" என்றான் அண்ணன், அண்ணியைப் பார்க்காமல். "நீ விழுந்தாலும் கல்லால விழமாட்ட."

அண்ணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். நாங்கள் கீழே காத்திருந்தோம். மரங்களுக்கு நடுவே சைக்கிள் சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு வளைவில் அவள் தெரிந்தாள். தோளை ஒருபக்கம் கூடத் தாழ்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். எப்போது ஓடினானோ தெரியாது, கல்லுக்கு நேர் கீழே, அவள் இறங்க வேண்டிய இடத்திலேயே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அவளைத் தாங்கிப் பிடிக்கப் போகிறானாம்!

"நகருங்க!" என்று கத்தினாள் அண்ணி. ஆயுசு முழுக்க அசையாதீங்க என்றே சொல்லிப் பிழைத்தவள், குன்று எதிரொலிக்கும்படி கத்தினாள். "நகருங்க சொல்றேன்!"

அவன் நகர்ந்தான். விழுந்தடித்துக்கொண்டு முட்புதரில் போய் உட்கார்ந்தான். முன்சக்கரம் மூக்கின் மேல் ஏறியது. அவள் விரல்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கைப்பிடியிலேயே இருந்தன, ஒன்றுகூடப் பிரேக்குக்குப் போகவில்லை. சைக்கிள் காற்றில் தெரிந்தது. பிறகு தரையில் 'தொம்' என்று இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி நின்றது.

பேக்கரிக்காரர் கூச்சல் போட்டார். நான் அதைவிடப் பெரிதாகப் போட்டேன். என் கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது, புழுதி.

அண்ணி திரும்பி வந்தாள். புதரிலிருந்து அண்ணனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அவன் முதுகிலிருந்த முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"போதுமா? வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான்.

"இன்னொரு தடவை" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளை மேலே தள்ள ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை, அவள் வளைவில் தெரிவதற்கு முன்பே அண்ணன் தடத்தை விட்டு ஒதுங்கி நின்றான். கண்ணை மூடவில்லை.