அண்ணன் பெயருக்குப் போன கார்

அப்பாவின் காரியம் முடிந்த அன்றே, நாகரசம்பட்டி வீட்டின் பின்னால் கிடந்த காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றான் அண்ணன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். அப்பா வேலை பார்த்த மாம்பழக்கூழ் ஆலையின் முதலாளி, தன் கார் ஓடாமல் நின்றுபோன பிறகு அதை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். அப்பா அதை ஒரு முறைகூட ஓட்டியதில்லை.

"நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"தாராளமா எடுத்துக்கோ. எலிங்க குடும்பம் நடத்துற வண்டி" என்று சிரித்தான்.

லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மூக்கண்டப்பள்ளியில் என் வாடகை வீட்டு முற்றத்தில் இறக்கினேன். அப்பா போன பிறகு அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காருக்கு அடியில் போய்விடுவேன்.

"நாப்பது வயசுக்கு மேல ஒரு பொம்பள தெரு பாக்க இப்படிப் படுத்துக்கினு கெடக்கணுமா?" என்பாள் அம்மா.

தரைத்தகடு துருப்பிடித்து, கை வைத்தால் உதிர்ந்தது. பழைய எஞ்சின் விரிசல் விட்டிருந்தது; அதற்கு உதிரிபாகம் எங்கும் இல்லை. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரக் கடையில், விபத்தில் நசுங்கிய புதுக் காரின் எஞ்சின் கிடைத்தது. அது இந்த வண்டியில் உட்காரவில்லை. முன்பக்கச் சட்டத்தை வெட்டி, தாங்கிகளை நானே செய்து வெல்டிங் வைத்தேன். புது எஞ்சினின் வேகத்துக்குப் பழைய பிரேக் தாங்காது என்று டிஸ்க் பிரேக் மாற்றினேன். முதல் முறை ஸ்டார்ட் ஆனபோது, அத்தனை நாள் முணுமுணுத்த அம்மாவே வந்து பானெட்டில் குங்குமம் வைத்தாள்.

நான் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து அண்ணன் வந்தான். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தான். காபி குடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஆர்.சி. இன்னும் அப்பா பேர்லதான இருக்கு? எஞ்சின் மாத்துனதுக்கு ஆர்.டி.ஓ.ல அனுமதி வாங்கணும். அதுக்கு மொதல்ல வண்டி யாராவது ஒருத்தர் பேருக்கு மாறணும். நானும் வாரிசு, நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஆவும்."

"போட்டுக் குடுண்ணா."

"என் பேர்லயே மாத்திக்கலாம். அப்பா வண்டி, ஆம்பளப் புள்ளகிட்ட இருக்கறதுதான் மொறை. நீ எப்ப வேணும்னாலும் வந்து ஓட்டு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன் ஆசப்படறான். கூடப் பொறந்தவன்கிட்ட போயி எதுக்கு வம்பு?"

எலிகள் குடியிருந்தவரை அது யாருக்கும் அப்பாவின் வண்டியாக இருக்கவில்லை. அவன் கையெழுத்து இல்லாவிட்டால் கார் முற்றத்திலேயே நிற்கும். அது ரோட்டில் ஓடினால் போதும் என்று நினைத்து, நான் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த மாதமே அவன் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பெங்களூரில் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றுக்கு என்னையும் அழைத்தான். பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். கூட்டமாக நின்றவர்களிடம், "எங்கப்பாவோட ஞாபகமா நானே பாத்துப் பாத்து செஞ்சது" என்றான். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவன் பார்வை என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் மரியாதைக்காக என்னிடம், "நீவூ ஓடிஸ்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். நீங்களும் ஓட்டுவீர்களா என்று. இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஓசூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

போன வாரம் அண்ணன் போன் செய்தான்.

"கிளட்ச் மிதிச்சா கிர்ருன்னு சத்தம் வருது. கேளு" என்று போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

கேட்டவுடனே தெரிந்துவிட்டது. கிளட்ச் பேரிங் போகிறது. அப்படியே ஓட்டினால் கூடிய சீக்கிரம் நடுரோட்டில் நிற்கும்.

"எனக்குத் தெரியலண்ணா" என்றேன். "நீ செஞ்ச வண்டிதான, நீயே பாரு."

அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.