அண்ணன் சரிசெய்த ரயில்கள்

பொம்மை ரயில் பழுது பார்க்கிற தொழிலில் எஞ்சினின் சண்டித்தனத்தைத் தீர்த்துவிடலாம். அதைக் கொண்டுவருகிறவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. சேலத்தில் அப்பாவின் பொம்மைக் கடையில், கல்லூரி விடுமுறைதோறும் மின்சார ரயில்களைச் சரிசெய்தவள் பௌதிகம் படிக்கும் நான். பெயர் வாங்கியவர் சட்டம் படிக்கும் என் அண்ணன். அநியாயம் யாருக்கு என்று, அண்ணன் உள்ள சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டுமா?

நூல் சுற்றிய அச்சு

ஜலகண்டாபுரத்துத் தறி முதலாளி ஒருவரின் எஞ்சின் உறுமியது, நகரவில்லை. "மோட்டாரு எரிஞ்சு போச்சுங்க" என்று தீர்ப்பும் அவரே சொல்லிவிட்டார். எரிந்த மோட்டார் உறுமுமா? கவிழ்த்தேன். தறிக்கூடத்திலேயே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். அச்சு முழுக்க நூல் பிசிறு. சாமணத்தால் பிடுங்கி எடுத்ததும் சிட்டாகப் பறந்தது. மனிதர், கல்லாவில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அண்ணனைக் கும்பிட்டார்: "தம்பிக்கு என்ன கைராசிங்க!"

எண்ணெய்க் குளியல்

மோகனூர் அம்மாள் ஒருவர் கொண்டுவந்த எஞ்சினில் பல்சக்கரமெல்லாம் பிசின். "சனிக்கெழமை சனிக்கெழமை நல்லெண்ணெய் ஊத்துறேனுங்க" என்றார். ஆண்பிள்ளைக்குச் சனிக்கிழமைதானே குளியல்! எஞ்சின்கூட ஆண்தானா என்று எனக்குப் பொங்கியது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து ஓட்டிக் காட்டி, "மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்" என்றேன். அம்மாள் யோசித்தார்: "எதுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வா சாமி."

சந்தனக் காப்பு

சங்ககிரி பஸ் முதலாளி வீட்டில் ஆயுத பூஜை. ஊரையே அழைத்திருந்த நேரத்தில் பேத்தியின் ரயில் நின்றுவிட்டது. அண்ணனைக் கூட்டிவர ஆள் வந்தது, நானும் போனேன். கருவிப் பெட்டியைத் திறந்தேன். "இரு கண்ணு, தம்பி பாக்கட்டும்" என்றார் முதலாளி.

"பாருங்களேன் அண்ணா" என்று திருப்புளியை நீட்டினேன். அண்ணன் எஞ்சினைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; வேர்த்தார். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். பூஜைக்காக நீளத்துக்கும் சந்தனம் பூசியிருந்தார்கள். காய்ந்த சந்தனத்தைத் தாண்டிச் சக்கரத்துக்கு எங்கிருந்து மின்சாரம் ஏறும்?

ஈரத்துணியை எடுத்தேன். "தொடச்சா சாமி குத்தமாயிருமே!" என்றார் முதலாளி.

"எஞ்சின் நெத்தியில பொட்டு வையுங்க. காலுக்கடியில எதுக்குங்க?" என்றேன். துடைத்தேன். ஓடியது; கூடம் முழுக்கக் கைதட்டல்.

"தம்பி, பேரைக் காப்பாத்திட்டீங்க!" என்று முதலாளி அண்ணனுக்கு மாலை எடுத்தார்.

அண்ணன் ஓரடி பின்வாங்கினார்: "மாலையை அவளுக்குப் போடுங்க. இத்தனை வருசமா எல்லா ரயிலையும் ஓட வெச்சது அவதான். எனக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாதுங்க."

நின்றுபோன எஞ்சினைவிட, வக்கீலுக்குப் படிக்கிறவர் வாயிலிருந்து உண்மையைக் கிளப்புவதுதான் பெரிய ரிப்பேர்.