நாலாவது ஆள்

போன ஞாயிறு டயகமவுக்குப் போய் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு படம். உள்ளங்கை அளவுதான். உடம்பு இன்னும் வலிக்கிறது.

போட்டோ பிடிப்பது சொகுசான பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். "உங்களுக்கென்ன, கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றுகிறீர்கள்" என்று எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். சுற்றுகிறேன். வாரத்தில் ஆறு நாள் கொட்டகலையில் லொறி ஓட்டுகிறேன். ஏழாம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். இதில் எது சொகுசு?

என்னிடம் இருப்பது பெட்டிக் கமரா. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை விட்டுப் போனது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகத் தெரியும். வெயில் இருந்தால்தான் படம். வெயில் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி.

நம் மலையில் வெயில் எப்போது வரும் என்று யாரிடம் கேட்பது?

சரி. கதைக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு அதே டயகமவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் படம் எடுக்கப் போயிருந்தேன். காலையிலிருந்து பனிமூட்டம். விலகும், மூடும். விலகுகிற நேரத்தில் ஒருவரை நிறுத்தி எடுப்பேன். ஆம்பிளைகள் எல்லார் உடம்பிலும் ஒரே கோட். அது கணக்கப்பிள்ளையின் பழைய கோட். ஒருவர் கழற்ற அடுத்தவர் மாட்டுவார். அந்தி சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அந்த லயத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கோட் அப்படியே இருக்கும். தலை மட்டும் மாறும்.

கடைசியில் பிலிமில் ஒரு படம் மிச்சம். அதற்குச் செல்லம்மா அக்கா சொல்லி வைத்திருந்தார். அவர், புருஷன் ராமையா, ஒரே மகன் தங்கராஜ்.

"என் தம்பி தொறையூருல இருந்து கேட்டு விட்டிருக்கான், தம்பி. அவன் மகளுக்குத்தான் நம்ம தங்கராச பேசியிருக்கு. மாப்பிள்ளையையும் மாப்பிள்ளையோட ஆத்தா அப்பனையும் பாக்கணுமாம். பாத்துட்டுச் சரின்னா பையன அங்கிட்டு அனுப்பிர வேண்டியதுதான்."

ராமையா கோட்டை மாட்டிக்கொண்டார். அவருக்குக் கை விரல் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மகனைப் பார்த்தேன். இந்தியாவுக்குப் போகப் போகிற ஆள் மாதிரியே இல்லை. பல் பிடுங்கப் போகிற ஆள் மாதிரி நின்றான்.

மூன்று பேரையும் நிறுத்தினேன். குனிந்தேன்.

"ஐயையோ, நில்லுங்க தம்பி! மூணு பேரு ஆச்சே!" என்றார் செல்லம்மா அக்கா.

இது எனக்குப் பழகிய தொல்லை. மூன்று பேர் சேர்ந்து படம் பிடித்தால் ஒருவர் போய்விடுவார் என்பது நம் ஜனங்களின் பயம். அதனால் எப்போதும் ஒரு நாலாவது ஆளைத் தேட வேண்டும். கையில் அகப்படுகிறவர்தான் ஆள். வட்டவளையில் ஒரு வீட்டுச் சுவரில், குடும்பத்தோடு குடும்பமாகத் தபால்காரர் நிற்கிறார். பேரப்பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மகனை மட்டும் எடுப்போமா அக்கா?"

"ஒத்தையா எடுத்தா மாலை போடுற படமாட்டம் இருக்கும். வேணாம்."

பக்கத்து வீட்டுக் கருப்பாயியைக் கூப்பிட்டார்கள்.

"ஒங்க மூணு பேரு தோசத்தையும் நான் எதுக்குத் தாங்கணும்? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"அப்ப ஒன் சின்னதக் குடு. இடுப்புல வச்சுக்கிறேன்."

"சின்னப் புள்ளயப் படம் புடிச்சா ஆயுசு கொறையும்."

ராமையா வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தார். "ஆடு கணக்குல சேராதா?"

"கோட்டுப் போட்டாச் சேரும்" என்றாள் கருப்பாயி.

"டைவர் தம்பி, அப்ப நீங்களே வந்து நின்னுருங்களேன்" என்றார் ராமையா.

"நான் நின்னா யாருங்க எடுக்கிறது?"

அவர் அதை உண்மையாகவே யோசித்தார்.

மலை மேலிருந்து மூட்டம் இறங்கத் தொடங்கியது. கடைசி பஸ்ஸுக்கும் நேரமாயிற்று. இடுப்பு விட்டுப்போயிற்று. யாராவது ஒருத்தர் வந்து நின்றால் போதும் என்று சுற்றிப் பார்த்தேன். மேல் பக்கத்துப் பீலிக் குழாயில் மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பெண்பிள்ளை வாளியை நிரப்பிவிட்டுச் சும்மா நின்று வேடிக்கை பார்த்தது.

"அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்களேன்" என்றேன்.

யாரும் கூப்பிடவில்லை. எனக்கு விளங்கவில்லை. தங்கராஜ் காலைப் பார்த்தான். ராமையா கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். கருப்பாயி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"டைவரண்ணே, ஆள நல்லாத்தான் பாத்துக் கூப்பிட்டீங்க! அது மேல் லயத்துப் பாக்கியம். நம்ம தங்கராசு மூணு மாசமா அந்தப் பீலியிலதான் மூஞ்சி கழுவுறான். இந்தப் பக்கத்துப் பீலியில தண்ணியே வராத மாதிரி!"

"வாய மூடுடி" என்றார் செல்லம்மா அக்கா.

தங்கராஜ் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"அது நின்னா நானும் நிக்கிறேன். இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க. ரெண்டு பேருக்குத் தோசமில்ல."

செல்லம்மா அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்ய? மூன்று பேராக நின்றால் ஒரு சாவு. நாலு பேராக நின்றால் ஒரு மருமகள். குடும்பப் படத்தில் குமரிப்பெண் ஒன்று நின்றால் ஊர் சும்மா இருக்குமா? இரண்டில் எது பெரிய பயம் என்று அவர் மனசுக்குள் நிறுத்துக்கொண்டிருந்தார். மூட்டம் அதற்குள் கோயில் மரத்துக்கு வந்துவிட்டது.

"படந்தானே" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு பீலிப் பக்கம் பார்த்துக் கத்தினார். "ஏய், வாடி இங்கிட்டு! இவரு பக்கமா, ஓரத்துல நில்லு."

பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. அவசரப்படவில்லை.

"எங்கம்மா கேட்டா நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு சொல்லுவேன்."

"சொல்லு, சொல்லு. வந்து நில்லு மொதல்ல."

நான் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். ராமையா நின்றது வலது ஓரமாகத் தெரிந்தது. "வலது ஓரம் பாப்பா, வலது ஓரம்" என்றேன். நிமிராமல் சொன்னேன். கண்ணாடியில் வலது என்றால் வெளியே இடது. அந்தப் பிள்ளை நான் சொன்னதைக் கேட்டு நேரே மறு ஓரத்துக்குப் போய்த் தங்கராஜ் பக்கத்தில் நின்றுவிட்டது.

"அடியே, அங்கயில்ல..."

மூட்டம் வந்துவிட்டது. நான் அமுக்கிவிட்டேன்.

பஸ்ஸில் வருகிறபோது அந்தப் படம் மூட்டத்தில் வீணாய்ப் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்படியே நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றும் தோன்றியது. ஆனால் அது நன்றாக விழுந்திருந்தது. நான் பாடுபட்டு எடுக்கிற படங்கள் இப்படி விழுவதில்லை.

அதைத்தான் போன ஞாயிறு கொடுக்கப் போனேன்.

செல்லம்மா அக்கா வாசலில் வைத்து வாங்கிப் பார்த்தார். ராமையா விறைப்பாக நிற்கிறார். அக்கா தலையைத் திருப்பி அந்தப் பிள்ளையை முறைக்கிறார். தங்கராஜ் சிரிக்கிறான். அவன் சிரித்து நான் பார்த்தது அதில்தான். பாக்கியம் மட்டும் நேரே கமராவைப் பார்த்து, பயமில்லாமல் நிற்கிறது.

ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார்.

"இத எப்பிடித் தம்பி தொறையூருக்கு அனுப்புறது? ஓரத்துலதான நிக்கிறா. இவள மட்டும் வெட்டி எடுத்துருங்க. வெட்டுனது தெரியாம."

வெட்டலாம். தங்கராஜுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. கத்தரிக்கோலை வாங்கினேன். தங்கராஜ் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றான். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெட்டுறேன் அக்கா. ஆனா வெட்டினா மூணு பேராயிடும்."

அவர் கை வாய்க்குப் போயிற்று.

"எடுத்தப்ப நாலு பேருதானே? அதுக்கப்புறம் வெட்டுனாலும் கணக்கா?"

"கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. படத்துல மூணு பேர்தான் இருப்பீங்க."

உள்ளேயிருந்து ராமையா குரல் கொடுத்தார். "வெட்டாதீங்க தம்பி! மூணு பேருல மொதல்ல போறது யாரு? மூத்தவன் நாந்தான். இவ தம்பி மகளுக்காக நான் சாகணுமா?"

"நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். வெட்டுனா ஒரேயடியாச் சும்மா இருப்பேன்."

செல்லம்மா அக்கா சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். படத்தை முந்தானையால் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை. மறுபடி துடைத்தார்.

"இதுல இன்னொரு கொப்பி போடலாமா, தம்பி?"

"தொறையூருக்கா?"

"தொறையூருக்கு எதுக்கு? அவன் மகளுக்கு வேற மாப்பிள்ள பாக்கச் சொல்லி விட்டுக்கிறேன். இது மேல் லயத்துக்கு. இவ ஆத்தாக்காரி கேக்க மாட்டாளா? அவ புள்ள நிக்கிற படமாச்சே."

கதவில் சாய்ந்து நின்ற தங்கராஜைக் காணோம். சத்தமில்லாமல் போய்விட்டான். எந்தப் பீலிப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

நம் ஆட்கள் மனசு மாறிவிட்டது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். தோஷம் என்பார்கள், சாங்கியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அதில் யாருக்கு என்ன குறை?

கொப்பி போட்டுவிட்டேன். கல்யாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்... மறுபடி அந்தப் பஸ்ஸில் நிற்க வேண்டும்.